ராணுவ சைபர் தாக்குதல் செய்தியை எப்படிப் படிப்பது?

ஒரு நாட்டு ராணுவம் இன்னொரு நாட்டின் கணினிகளுக்குள் புகுந்துவிட்டது என்று செய்தி வந்தால், எதையாவது முடக்கினார்களா, இல்லை தகவலை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்களா என்று முதலில் பாருங்கள். தகவல் எடுப்பது உளவு, அதை எல்லாரும் செய்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் இரண்டுக்கும் நுழையும் வழி ஒன்றுதான், அதனால் உள்ளே ஆள் இருப்பதைக் கண்டுபிடித்தாலும் எதற்காக வந்திருக்கிறான் என்று சட்டென்று சொல்ல முடியாது.

அப்புறம் தேதி. பாதிப்பு நடந்த நாளைவிட நுழைந்த நாள்தான் முக்கியம். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. ஆனால் மின் நிறுவன ஊழியர்களுக்கு வைரஸ் ஒளித்த மின்னஞ்சல் போனது பல மாதங்களுக்கு முன்பே. அந்த இடைவெளியில் தாக்கியவர்கள் பாஸ்வேர்டுகளைத் திரட்டி, கட்டுப்பாட்டு அறையின் வேலையைக் கற்றுக்கொண்டு, கடைசியில் ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் மவுஸை நகர்த்தி பிரேக்கர்களை (மின்சுற்றுத் துண்டிப்பான்களை) திறந்து மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்கள். புகார் சொல்ல முடியாதபடி கால் சென்டரையும் போலி அழைப்புகளால் நிரப்பினார்கள். இவ்வளவு உழைப்புக்கும் கிடைத்தது சில மணி நேர இருட்டு, ஏனென்றால் ஊழியர்கள் துணை மின் நிலையங்களுக்கே போய் கையால் இயக்கிவிட்டார்கள். எவ்வளவு சீக்கிரம் மீண்டார்கள் என்பதைச் செய்தியில் தேடச் சொல்வது இதனால்தான்.

தரைப்படையோடு சேர்ந்து நடந்ததா என்றும் பாருங்கள். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு வியாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணைய மோடம்கள் ஆயிரக்கணக்கில் செத்துப்போயின. கூடவே ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பும் போனது! பாதிப்பு இப்படி இலக்கைத் தாண்டிச் சிதறுவது சகஜம். 2017 ஜூனில் உக்ரைன் கணக்கியல் மென்பொருள் ஒன்றின் அப்டேட் வழியாகப் பரவிய நாட்பெட்யா என்ற வைரஸ், மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் வரை முடக்கியது. ஈரானின் நடான்ஸ் அணு நிலையத்தைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் வைரஸ்கூட வெளியே பரவியது, ஆனால் தேடிய சீமென்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு இல்லாத இடத்தில் இயந்திரங்களைக் கெடுக்காது.

யார் செய்தது? அன்றைக்கே பெயர் சொல்லும் செய்தியைச் சந்தேகத்தோடு படியுங்கள். நாட்பெட்யாவுக்கு ரஷ்ய ராணுவம்தான் காரணம் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் அதிகாரபூர்வமாகச் சொன்னது 2018 பிப்ரவரியில். ரஷ்ய ராணுவ உளவுத்துறையான ஜிஆர்யூவின் அதிகாரிகள் 6 பேர் மீது அமெரிக்கா குற்றம் சாட்டியது வெளியே வந்தது 2020 அக்டோபரில். ஸ்டக்ஸ்நெட்டுக்கு இன்றுவரை எந்த அரசும் அதிகாரபூர்வமாகப் பொறுப்பேற்கவில்லை.