ஜெர்மனியில் படிக்கப் போகிறீர்களா? இனிஷியலில் தொடங்குங்கள்

சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தேன். அழகர் ஆற்றில் இறங்கி மலைக்கும் திரும்பிவிட்டார். எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரும் கூட்டம்தான் குறையவில்லை. "யக்கா, ஜெர்மனிக்குப் போக என்ன பண்ணணும்? எம்புட்டு முட்டுவழி ஆகும்?" என்று தினம் இரண்டு பேராவது வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே கதையைச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் செக்கானூரணிப் பெண். அப்பாவுக்கு மல்லிகைத் தோட்டமும் கொஞ்சம் கடனும் உண்டு. 2023 அக்டோபரில் கோட்புஸ் என்ற ஊரில் முதுகலை சேர்ந்தேன். பெர்லினிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். படிப்பு சுற்றுச்சூழலும் நீர்வளமும் சார்ந்தது. இப்போது முடித்தாயிற்று. நான் பட்டது எல்லாம் ஜெர்மனிக் கதை. கனடா, ஆஸ்திரேலியா போகிறவர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

வந்து கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வைப் பற்றித்தான். நான் திருப்பிக் கேட்பது, "உன் பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறது?"

ஒரு பேச்சுக்கு என் பெயர் மீனாட்சி, அப்பா பெயர் சுந்தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் இந்த இரண்டு பெயரும் இல்லாத தெரு கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் நான் 'மீனாட்சி எஸ்'. கல்லூரிப் பட்டச் சான்றிதழில் 'எஸ். மீனாட்சி'. பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட அனுமதி இல்லை, விரித்துத்தான் எழுத வேண்டும். அதனால் அங்கே 'மீனாட்சி சுந்தரம்'. ஆதாரில் இன்னொரு எழுத்துக்கூட்டு, அதில் 'க்ஷி' வேறு. நமக்கு இந்த நான்கும் ஒரே ஆள். காகிதத்தை மட்டும் பார்க்கிற ஆளுக்கு நான்கு பேர்.

ஆகவே முதல் வேலை இதுதான். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் சர்நேம் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். அப்பா பெயரை அதில் போடுங்கள். கூடப் படித்த ஒருவன் காலியாக விட்டுவிட்டு வந்தான். இணைய விண்ணப்பம் ஒவ்வொன்றும் "குடும்பப் பெயர் இல்லாமல் நகர மாட்டேன்" என்று நின்றுகொண்டது. வங்கிக் கணக்கு திறக்கவே அவனுக்கு ஒரு மாதம் ஆயிற்று. அடுத்தது ஆதார், பான் இரண்டையும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கு எழுத்து மாற்றிக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியலை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். 'இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே நபரையே குறிக்கும்' என்று முத்திரைத்தாளில் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, ஆங்கிலத்தில் இரண்டு மூன்று அசல் வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு ஒரு சௌகரியம், மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம் மதுரையிலேயே, ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் பாரதி உலா வீதியில் இருக்கிறது.

சரி, படிப்பைத் தேடுவது. டாட் (DAAD) என்று ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பு ஒன்று உண்டு. அதன் தளத்தில் ஆங்கிலவழிப் படிப்புகள் ஏராளமாக, கட்டணம், கடைசித் தேதி, தேவையான தகுதி எல்லாவற்றோடும் இருக்கின்றன. பார்க்கக் காசு வேண்டாம். இது தெரியாமல் நான் மதுரையில் ஒரு கன்சல்டன்சியில் அறுபதாயிரம் ரூபாய் கட்டினேன். அவர்கள் நீட்டிய ஐந்து கல்லூரிகளில் நான்கு தனியார் கல்லூரிகள், வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கட்டணம். அரசுப் பல்கலைக்கழகம் ஏன் இல்லை என்று கேட்டதற்கு, "அதெல்லாம் கிடைக்காதும்மா" என்றார் அந்த அண்ணன். மாணவரைச் சேர்த்துவிட்டால் தனியார் கல்லூரி கமிஷன் தரும், அரசுப் பல்கலைக்கழகம் தராது. காரணம் அவ்வளவுதான்.

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமே கிடையாது. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்புத் தொகை மட்டும் கட்டினால் போதும். எல்லா இடத்திலும் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலத்திலிருந்து ஆயிரக்கணக்கில் வாங்குகிறது. "ஜெர்மனி ஃப்ரீ" என்று யாராவது சொன்னால் எந்த மாநிலம், எந்தப் பல்கலைக்கழகம் என்று திருப்பிக் கேளுங்கள்.

நம் மதிப்பெண்ணை அங்கே தலைகீழாக்கிப் பார்ப்பார்கள். 1.0 தான் உச்சம், 4.0 தேர்ச்சியின் கடைசிப் படி. நீங்களே கணக்குப் போடலாம்: அதிகபட்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழியுங்கள், அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். பத்துக்கு 7.8 வாங்கி, தேர்ச்சி 5 என்றால் 2.3 வரும். பல படிப்புகள் 2.5க்குள் கேட்கும். முதல் செமஸ்டர் முடிந்து நான் 1.7 என்று சொன்னபோது அப்பா போனில் ரொம்ப நேரம் பேசவில்லை. "பரவாயில்லம்மா, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார்.

2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். நம் சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று டெல்லியில் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறார்கள். நான் போனபோது கட்டணம் 18,000 ரூபாய். வாரக்கணக்கில் ஆகும், இது இல்லாமல் விசா கிடையாது. அக்டோபரில் தொடங்கும் குளிர்கால செமஸ்டருக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசித் தேதி. வெளிநாட்டு மாணவர்களுக்கு அதற்கும் முன்பே முடித்துவிடும் படிப்புகளும் நிறைய. பல பல்கலைக்கழகங்கள் யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பு வழியாகத்தான் விண்ணப்பத்தை வாங்கும். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்ததற்கு 30. அதனால் முந்தைய வருடம் தீபாவளிக்குள் பாஸ்போர்ட்டும், எல்லா செமஸ்டர் மதிப்பெண்ணும் சேர்ந்த டிரான்ஸ்கிரிப்ட்டும் கையில் இருக்க வேண்டும், பொங்கலுக்குள் ஏ.பி.எஸ்.

ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும், ரொம்ப முன்னால் எழுதிவிடாதீர்கள். அதைப் பற்றி அவ்வளவுதான், அது ஒரு பூதம் இல்லை.

ஏன் இந்தப் படிப்பு என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதும் நோக்கக் கடிதத்தில்தான் நம் பிள்ளைகள் கவிழ்கிறார்கள். "சிறு வயதிலிருந்தே ஜெர்மனியின் தொழில்நுட்பம் என்னைக் கவர்ந்தது" என்று நானும் முதலில் எழுதினேன். கல்லூரிப் பேராசிரியர் படித்துவிட்டு, "உங்க தோட்டத்துக் கிணறு என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு வந்து மாற்றி எழுதினேன். தாத்தா காலத்தில் கமலை ஓடிய கிணறு, அப்பா காலத்தில் வற்றியது, பிறகு போட்ட போர்வெல் எழுநூறு அடி, உப்பேறி மல்லிகைச் செடி நுனி கருகியது, அதில் எனக்குப் புரியாமல் போன இரண்டு கேள்விகள், அவற்றுக்கு அந்தப் படிப்பின் எந்தெந்தப் பாடம் உதவும் என்பது. ஒன்றரைப் பக்கம். இடம் கிடைத்தது.

அடுத்தது பணம். இதில்தான் எனக்கு நரைத்தது.

விசாவுக்கு ஒரு வருடச் செலவை 'பிளாக்ட் அக்கவுண்ட்' என்ற முடக்கக் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். நான் போனபோது 11,208 யூரோ. 2024 செப்டம்பரிலிருந்து 11,904 யூரோ. யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தால் பன்னிரண்டு லட்சம். அது கட்டணம் இல்லை, உங்கள் பணம்தான். அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே விடுவிப்பார்கள். ஆனால் மொத்தமாக ஒரு நாள் இருந்தாக வேண்டும்.

வங்கிக் கல்விக்கடனில் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பார்கள். அப்பா பெருமையாகத் தோட்டத்துப் பட்டாவை எடுத்துக்கொண்டு போனார். மேனேஜர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. விவசாய நிலத்தை இந்தக் கடனுக்கு ஏற்பதில்லை. வீடு இருக்கிறதா என்றார். வீடு இருந்தது, தாத்தா பெயரில். தாத்தா இறந்து பதினாறு வருடம்.

வங்கி வக்கீல் கேட்ட பட்டியல்: மூலப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வீட்டுவரி ரசீது, பிறகு என் இரண்டு அத்தைமாரும் தங்கள் பங்கை அப்பாவுக்கு விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம். மூத்த அத்தை உசிலம்பட்டியில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் இரண்டு சீப்பு வாழைப்பழமும் பூவுமாகப் போனோம். அத்தை கறிக்குழம்பு வைத்துப் போட்டுவிட்டு, "எனக்கு ஒரு செங்கல்லு வேணாம்டி ஆத்தா. உங்க மாமா என்ன சொல்லுவாருன்னுதான்..." என்று இழுத்தார். மாமா வெற்றிலையை மென்றுகொண்டே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை போனபோதுதான் சரி என்றார். சார்பதிவாளர் அலுவலகத்தில் அத்தை கைநாட்டு வைத்துவிட்டு, அந்த நீல மைக் கையோடு என் கன்னத்தைத் தடவினார். இதற்கு மட்டும் இரண்டரை மாதம் போயிற்று. வில்லங்கச் சான்றிதழை இப்போது பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுத்துவிடலாம். அத்தைமாரை இணையத்தில் எடுக்க முடியாது. உங்கள் வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று இன்று இரவே கேளுங்கள்.

தவணை பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தொடங்கும், வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். முடிந்தால் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டுங்கள். கல்விக்கடனிலிருந்து அனுப்பும் பணத்துக்கு முன்கூட்டிய வரிப்பிடித்தம் இல்லை, சொந்தப் பணம் என்றால் ஒரு நிதியாண்டில் பத்து லட்சத்தைத் தாண்டும் தொகைக்குப் பிடிப்பார்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள் மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையைப் பார்க்காமல் கடனுக்குப் போக வேண்டாம். அதற்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்குள்ளும் வயது 35க்குள்ளும் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையிலும் கேளுங்கள்.

பகுதிநேர வேலையை நம்பிக் கடனைக் குறைக்காதீர்கள். வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம் என்பது சட்டம். வேலை கிடைக்கும் என்பது சட்டத்தில் இல்லை. ஜெர்மன் தெரியாமல் எனக்கு முதல் ஐந்து மாதம் ஒன்றும் கிடைக்கவில்லை. படிப்பு ஆங்கிலத்தில்தான், ஆனால் பேக்கரி, குப்பைத் தொட்டி, வீட்டுக்காரர் எல்லாம் ஜெர்மனில். இங்கிருந்தே ஜெர்மன் மொழியில் ஏ2 என்ற இரண்டாம் நிலை வரையாவது முடித்துவிட்டுப் போங்கள்.

விசாவுக்குச் சென்னை போக வேண்டும். இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூர். விண்ணப்பித்த பிறகு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் வரைகூட ஆகலாம், டிக்கெட்டை முன்னால் போடாதீர்கள்.

பெட்டி கட்டும்போது அம்மாவோடு சண்டை வரும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. அதாவது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, வீட்டு நெய், உப்புக்கண்டம் மூன்றும் இங்கேயே நிற்க வேண்டியவை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. காயவைத்துப் பொடித்த பொடி, புளி, மிளகாய்த்தூள், குக்கர், குக்கருக்கு இரண்டு கேஸ்கட் போதும். கேஸ்கட்டை மறந்தவள் சொல்கிறேன்.

அங்கே போனபின் தேர்வு முறையை முதல் வாரமே படித்துவிடுங்கள். நம் ஊரைப்போல அரியரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுத முடியாது. பெரும்பாலும் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்பு. மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள், வேறு பல்கலைக்கழகத்திலும் அதே படிப்பில் சேர்வது கஷ்டம். தயாராக இல்லையென்றால் குறித்த தேதிக்குள் பதிவை ரத்து செய்துவிடுங்கள். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் தருவார்கள்.

குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் ஒன்று அதற்கு வேண்டும். வாடகை பேசும்போதே அதைத் தருவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், தராத வீடு வேண்டாம்.

பிறகு தபால்பெட்டி. அங்கே தபால்காரர் அறை எண்ணைப் பார்த்துப் போடுவதில்லை, பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துப் போடுகிறார். எனக்கு இது தெரியாது. வங்கி அட்டையின் ரகசிய எண் இரண்டு முறை வந்து, ஆள் இல்லை என்று திரும்பிப் போய்விட்டது. மூன்று வாரம் கூடப் படித்தவளிடம் கைமாற்று வாங்கிச் சாப்பிட்டேன். பக்கத்து அறைக்காரி கீழே கூட்டிக்கொண்டு போய், பெட்டியில் பெயர் இல்லாததைக் காட்டினாள். நோட்டிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து 'மீனாட்சி' என்று எழுதப் போனேன். அவள் தடுத்து, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டாள். அதையே பெரிய எழுத்தில் எழுதி டேப் போட்டு ஒட்டினோம். மூன்றாம் நாள் கடிதம் வந்துவிட்டது, உறைமேல் 'திருமதி சுந்தரம்' என்று.

அதைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினேன். "என் பேர்ல தபால் வந்துருக்கா, யாரு போட்டது?" என்று கேட்டார்.