200 கிலோ தள்ளும் கால், வெள்ளியங்கிரியில் ஏன் நடுங்குகிறது?

கோவைக்குப் பக்கத்தில் ஏழு மலை ஏறிப் போய்ச் சிவனைக் கும்பிடுகிற இடம் வெள்ளியங்கிரி. சிவராத்திரி நெருங்கினால் எங்கள் ஜிம்மில் ஒரு கூட்டம் சேரும். "வெள்ளியங்கிரி போறோம் மாஸ்டர், ரெண்டு வாரத்துல காலை ரெடி பண்ணிக் குடுங்க." கோவையில் பயிற்சியாளராக இருக்கிற எனக்கு இது வருடாந்தரப் பாட்டு. இந்த முறை போய் வந்தவர்களில் ஒரு பையன், காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் கருவியில் 200 கிலோ தள்ளுகிறவன். திரும்பி வந்து நான்கு நாள் கக்கூசில் குத்த வைத்து உட்கார முடியவில்லை என்றான். சிரிப்பு வந்தது. கூடவே என் பழைய மானக்கேடும் ஞாபகம் வந்தது.

புது ஷூவோடு போகாதே, தண்ணீர் எடுத்துக்கொள் என்பதெல்லாம் ஊரறிந்த சங்கதி. அதை விட்டுவிடுகிறேன். ஜிம்முக்குப் போகிறவர்கள் இந்த மலை விஷயத்தில் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஏறுவதற்கு மட்டும் தயாராவது

பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழாவது மலை வரை ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். எல்லோருக்கும் அதை நினைத்துத்தான் பயம். ட்ரெட்மில்லைச் சாய்த்து வைத்து வியர்க்க வியர்க்க நடக்கிறார்கள். சரி, நடக்கட்டும். ஏறிய அத்தனை மீட்டரையும் இறங்கியாக வேண்டுமே, அதற்கு என்ன ஏற்பாடு? எங்கள் ட்ரெட்மில்லில் ஏற்றம் உண்டு, இறக்கம் கிடையாது.

ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. மூச்சு வாங்குவதால் நாமே நின்றுவிடுவோம். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கி பிரேக் பிடிக்கிறது. தசை இழைகள் அதிகம் அடிபடுவது இந்த வேலையில்தான். ஆனால் மூச்சு அவ்வளவாக வாங்காது, அங்கேதான் ஏமாறுகிறோம். தெம்பு பாக்கி இருக்கிறது என்று துள்ளிக்கொண்டு இறங்குவோம். வலியும் அன்றைக்கே முழுசாகத் தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும்.

நான் முதல் தடவை போனபோது ஜிம்மில் சேர்ந்து மூன்று வருடம். கூட வந்தவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே உச்சிக்குப் போய்விட்டேன். அடிவாரத்தில் விற்கிற மூங்கில் தடியை வாங்கவில்லை, அது கௌரவக் குறைச்சல். இறங்குகையில் மூன்றாவது மலையிலேயே தொடை நடுங்க ஆரம்பித்தது. கடைசியில் முதல் மலைப் படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து, குழந்தை மாதிரி நகர்ந்து வந்தேன். அறுபது தாண்டிய பெரியவர் ஒருவர் வெறுங்காலோடு வந்து பக்கத்தில் நின்றார். "ஏனுங் தம்பி, இப்படி நேரா எறங்குனா முட்டி என்னத்துக்காகுமுங்க? கோணையா எறங்குங்க" என்றார். தன் தடியை என் கையில் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். அவர் ஜிம் வாசலை மிதித்திருப்பார் என்று தோன்றவில்லை.

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது, இதற்கான பயிற்சிக்குக் காசே தேவையில்லை என்பதால்தான். உடம்பு ஒரு தடவை இறக்கத்தைப் பார்த்துவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் வலி வெகுவாகக் குறையும். அதனால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். முழங்காலைவிடத் தாழ்ந்த பெட்டியில் ஏறி நின்று, ஒரு காலை மூன்று நான்கு வினாடி நேரத்தில் மெதுவாகத் தரைக்கு இறக்குங்கள். காலுக்கு எட்டு தடவை, வாரம் இரண்டு நாள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் லிஃப்டில் மேலே போய்ப் படியில் இறங்கி வாருங்கள். (எல்லோரும் சொல்வதற்கு நேர் எதிர், தெரியும்.) இதைச் சொன்னால் பையன்கள் சிரிக்கிறார்கள். ஸ்குவாட் (குந்தி எழுகிற பயிற்சி) போடும்போதுகூடப் பொத்தென்று விழுந்து எழுகிறார்கள். பாதி உடற்பயிற்சி அங்கேயே தொலைந்து போகிறது.

மலையோடு முடிகிற விஷயமும் இல்லை. பழனியில் படி இறங்கும்போதும், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து வரும்போதும், பந்தியில் தரையில் உட்காரும்போதும் இதே தசைக்குத்தான் வேலை. எங்கள் அம்மா இப்போதெல்லாம் சுவரைப் பிடிக்காமல் தரையில் உட்காருகிறார். அவருக்கு நான் சொல்லிக் கொடுத்தது நாற்காலியில் மெதுவாக உட்காருவது ஒன்றை மட்டும்தான்.

கைப்பிடியில் தொங்கிக்கொண்டு நடப்பது

ட்ரெட்மில் சாய்வை 12-இல் வைத்துவிட்டுக் கைப்பிடியில் தொங்கினால் காலுக்கு என்ன வேலை?

புறப்படுவதற்கு முந்தின நாள் லெக் டே (காலுக்கான பயிற்சி நாள்)

வேண்டாம்.

சிக்ஸ் பேக்கை மருத்துவச் சான்றிதழாக நினைப்பது

இந்த மலையில் மூச்சுத்திணறியும் மாரடைப்பிலும் இறந்தவர்கள் உண்டு. இதய நோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம் என்று எது இருந்தாலும் முதலில் டாக்டரைப் பாருங்கள். ஜிம் மாஸ்டர் டாக்டர் இல்லை.

தசை கரைந்துவிடும் என்று வீட்டிலேயே இருப்பது

இதுவும் என் கதைதான். புரோட்டீன் கணக்கு இடிக்கும், தூக்கம் கெடும் என்று நண்பர்களோடு போக வேண்டிய இரண்டு பயணங்களை விட்டேன். அப்படிக் காப்பாற்றிய புஜத்தை யாரும் பார்க்கவும் இல்லை. இரண்டு நாளில் தசை கரையாது. அந்த மலைக்கு வனத்துறை பிப்ரவரி முதல் மே வரைதான் பொதுவாக விடுகிறது. தவறவிட்டால் அடுத்த வருடம்தான்.

பெரியவர் கொடுத்த தடி இன்னும் ஜிம் மூலையில் நிற்கிறது. போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் அதை மாப் குச்சி என்று நினைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். துரத்திப் போய் வாங்கி வைத்தேன்.