ஒரு வழுத் திருத்தத்தை வெளியிடுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருந்தபடி ஒரு சிறிய பைத்தான் கருவியை நான்கு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். மென்பொருளைத் தமிழாக்கும்போது கலைச்சொற்கள் ஒரே சீராக வந்திருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லும் திறமூலக் கருவி அது. நன்றாக நிரல் எழுதும் மாணவர்கள்கூட வெளியீடு என்றதும் தயங்குவதைப் பார்க்கிறேன். அவர்களுக்காக, அண்மையில் ஒரு வழுவை, அதாவது நிரல் பிழையை, திருத்தி 1.4.3 பதிப்பை வெளியிட்ட கதையை அப்படியே படிப்படியாகத் தருகிறேன்.

படி 1: வழுவை உங்கள் கணினியில் வரவழையுங்கள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு பயனர் எழுதியிருந்தார்: “‘கோப்பு’ என்ற சொல் கண்ணெதிரே இருக்கிறது, கருவியோ இல்லை என்கிறது.” அதே சொல்லை நான் தட்டிப் பார்த்தேன். சரியாகவே வேலை செய்தது. “எனக்குச் சரியாக வருகிறதே” என்று எழுதி அறிக்கையை மூடிவிடத் தோன்றும் இடம் இதுதான். மூடாதீர்கள். அவருடைய கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

கோப்பு வந்ததும் எழுத்துகளைக் குறியீடு குறியீடாகப் பிரித்துப் பார்த்தேன். எழுத்துகளுக்கு எண் குறியீடு தரும் பொதுத் தரமான யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘க’வை அடுத்து ஓகாரக் குறி ஒன்று வரலாம், அல்லது ‘க’, இரட்டைக் கொம்பு, கால் என்று மூன்று தனித்தனிக் குறியீடுகளாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒப்பிடும் நிரலுக்கு மட்டும் அவை வேறு வேறு சொற்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய அவருடைய கோப்பில் கொம்பும் காலும் பிரிந்தே கிடந்தன. பத்திரிகைகளும் பதிப்பகங்களும் சேர்த்து வைத்திருக்கும் பழைய கோப்புகளை நினைத்தால், இது அவர் ஒருவருடைய சிக்கல் இல்லை என்று புரியும்.

படி 2: சோதனை முதலில், திருத்தம் பிறகு

பிரிந்த ‘கோ’வை வைத்து ஒரு சோதனை எழுதுங்கள். அது தோற்க வேண்டும். தோற்றதைக் கண்ணால் பார்த்த பிறகே நிரலில் கை வையுங்கள். திருத்தம் சிறியதுதான்: பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸ் செயற்கூற்றைக் கொண்டு சொல்லை என்எஃப்சி என்னும் சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றினால் கொம்பும் காலும் ஒரே குறியாகச் சேர்ந்துவிடும். பயனரின் கோப்பு, நம் சொற்பட்டியல் இரண்டையும் மாற்றுங்கள். ஒன்றை மறந்தால் வழு மறுபக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

படி 3: பதிப்பு எண்

வழுத் திருத்தம் மட்டும் என்றால் கடைசி எண் ஏறும். புதிய வசதி என்றால் நடு எண். பழைய பயன்பாட்டை முறிக்கும் மாற்றம் என்றால் முதல் எண். ஆகவே 1.4.2 இப்போது 1.4.3.

படி 4: மாற்றக் குறிப்பு

“என்எஃப்சி நார்மலைசேஷன் சேர்க்கப்பட்டது” என்று எழுதினால் பயனருக்கு ஒன்றும் விளங்காது. நான் எழுதியது: “கொ, கோ வரும் சொற்கள் சில பழைய கோப்புகளில் அகப்படாமல் போன வழு திருத்தப்பட்டது. தெரிவித்தவருக்கு நன்றி.”

படி 5: டேக் இடுங்கள், அதிலிருந்தே பொதியைக் கட்டுங்கள்

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டில், திருத்தம் பதிவான கமிட்டுக்கு 1.4.3 என்று விளக்கத்துடன் டேக் (அடையாளப் பெயர்) இட்டு, நிரல் முழுவதும் இருக்கும் களஞ்சியத்தைப் புதிதாக இறக்கி, அங்கிருந்து பயனர்கள் நிறுவும் பொதியைக் கட்டுங்கள். வேலை செய்துகொண்டிருக்கும் கோப்புறையிலிருந்து கட்டினால், பாதி எழுதிய கோப்பும் கூடவே போய்விடக்கூடும். 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் பின்கதவு (திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி) வைக்கப்பட்டது வெளியே வந்தது. அதை இயக்கிவைக்கும் வரிகள் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுப் பொதியில் மட்டுமே இருந்தன. உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்து ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் அதைப் பிடித்தார். களஞ்சியத்தில் இருப்பதும் பொதியில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது பராமரிப்பவரின் கடமை என்று அன்றிலிருந்து உறுதியாக நம்புகிறேன்.

படி 6: ஒத்திகை

பைத்தான் பொதிகளின் பொதுக் கிடங்கான பைபிஐயில் ஒரு பதிப்பை ஏற்றிவிட்டால், அதை அழித்தாலும் அதே கோப்புப் பெயரில் மறுபடி ஏற்ற முடியாது. அதனால் முதலில் அதன் ஒத்திகைத் தளமான டெஸ்ட்பைபிஐயில் ஏற்றிப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் உண்மையான இடத்தில் ஏற்றலாம். பிறகு ஒரு புதிய மெய்நிகர் சூழலில் நிறுவி, வழுவைத் தெரிவித்தவரின் கோப்பையே கொடுத்துச் சோதியுங்கள்.

படி 7: சாவி இருவரிடம் இருக்கட்டும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதற்கு முந்தைய நாள் நான் வெளியிட்ட பதிப்பில், கருவி தொடங்கவே விடாத ஒரு பிழை இருந்தது. எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை, கைப்பேசியும் அணைந்துவிட்டது. அந்தப் பதிப்பை ‘யாங்க்’ செய்திருந்தால் புதிதாக நிறுவுபவர்களுக்கு அது போயிருக்காது. அதற்கான உரிமை என்னிடம் மட்டுமே இருந்ததால், இரண்டு நாள் பழுதான பதிப்பே எல்லோருக்கும் போய்க்கொண்டிருந்தது.

இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் தோழி ஒருவரும் பைபிஐயில் இத்திட்டத்தின் உரிமையாளர். மேலே சொன்ன படிகள் அனைத்தும் களஞ்சியத்திலேயே ஒரு கோப்பாக இருக்கின்றன. 1.4.3 பதிப்பை அவர்தான் அந்தக் கோப்பை மட்டும் பார்த்து வெளியிட்டார். நடுவில் இரண்டு இடங்களில் தயங்கி எனக்கு ஃபோன் செய்தார். அந்த இரண்டு இடங்களிலும் கோப்பில் ஒவ்வொரு வரி சேர்த்திருக்கிறோம்.