முய் நே மணற்குன்றுகளுக்கு முதுகுப்பையுடன் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியட்னாமின் தென்கிழக்குக் கரையில், ஹோ சி மின் நகரிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் முய் நே என்னும் கடற்கரை ஊர் உள்ளது. 1995ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண வந்த கூட்டத்தால்தான் அதுவரை மீனவர் ஊராக இருந்த இவ்விடம் வெளியுலகுக்கு அறிமுகமானது. ஒருபுறம் கடலும் மறுபுறம் செம்மணல், வெண்மணல் குன்றுகளுமாக அமைந்த இவ்வூரைத் தேடி, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஹோ சி மின் நகருக்குப் பறந்துவிடலாம் என்பதனால், சிங்கப்பூர்த் தமிழ் இளையர்கள் பலரும் முதுகுப்பையுடன் கிளம்புகின்றனர். ஊர் பக்கத்தில் இருப்பதே பலரை ஏமாற்றிவிடுகிறது. நேப்பாளத்துக்கோ ஐரோப்பாவுக்கோ செல்வதற்கு மாதக்கணக்கில் ஆயத்தம் செய்வோர், முய் நேக்கு ஒரு வார இறுதிக்குரிய எண்ணத்தோடு புறப்படுகின்றனர். அங்கே நேரும் சங்கடங்களில் பெரும்பாலானவை, சிங்கப்பூரின் கடிகாரம், வெயில், கடல், சாலை ஆகியவற்றுக்குப் பழகிய கணக்கை அப்படியே அங்கும் போட்டுப் பார்ப்பதால் விளைபவை என்பதே என் கருத்து.

விடுமுறை நாளைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறு

சீனப் புத்தாண்டுக்குக் கிடைக்கும் இரண்டு நாள் பொது விடுமுறையோடு வார இறுதியையும் ஓரிரு நாள் சொந்த விடுப்பையும் சேர்த்துக்கொண்டு வியட்னாம் செல்லத் திட்டமிடுவது நம்மிடையே வழக்கம். ஆனால், வியட்னாமியரின் புத்தாண்டான டெட் பெருநாளும் அதே நாள்களில்தான் வருகிறது. அப்போது நாடே சொந்த ஊருக்குப் பயணம் செய்கிறது. பேருந்து, ரயில் இருக்கைகள் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடுகின்றன. சிறிய உணவுக்கடைகள் மூடப்படுகின்றன. திறந்திருக்கும் விடுதிகளில் கட்டணம் உயர்ந்துவிடுகிறது. குறைந்த செலவில் பயணம் செய்ய நினைப்பவர் ஆண்டில் தவிர்க்க வேண்டிய வாரம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

வார இறுதியும் முன்பு போல் இல்லை. 2023ஆம் ஆண்டில் ஹோ சி மின் நகர்ப் பக்கமுள்ள டாவ் ஜாய் முதல் முய் நேயை அடுத்துள்ள ஃபான் தியெட் நகரம் வரையிலான விரைவுச்சாலை திறக்கப்பட்ட பிறகு, ஹோ சி மின் நகர மக்கள் சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்புவது எளிதாகிவிட்டது. ஆகவே, சிங்கப்பூரிலிருந்து வியாழக்கிழமை இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்பும் திட்டத்தைவிட, ஞாயிறு கிளம்பி புதன் அல்லது வியாழன் திரும்பும் திட்டம் செலவிலும் அமைதியிலும் மிகவும் மேலானது. ஞாயிறு மாலையில் நகருக்குள் திரும்பும் சாலைகளில் நெரிசல் கடுமையாக இருக்கும் என்பதால், அன்றிரவே விமானம் ஏற வேண்டியவர்கள் கடைசிப் பேருந்தை நம்பியிருக்கக் கூடாது.

பருவத்தைப் பொறுத்தவரை, சிங்கப்பூரில் மழை கொட்டும் டிசம்பர் பள்ளி விடுமுறை அங்கே வறண்ட காலம். நம் வானத்தைப் பார்த்து அந்த மாதத்தைத் தள்ளிவைப்பது தேவையில்லாத இழப்பு. மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம் என்றாலும், வியட்னாமிலேயே மழை குறைந்த பகுதிகளுள் இதுவும் ஒன்று. நவம்பர் முதல் மார்ச் வரை பிற்பகலில் வீசும் பலத்த காற்றை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும்.

விசாவும் பெயரும்

சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு வைத்திருப்போர் வியட்னாமில் 30 நாள் வரை விசா இன்றித் தங்கலாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு, அவர்கள் சிங்கப்பூரின் நிரந்தரவாசிகளாகவோ வேலை அனுமதியில் இருப்பவர்களாகவோ இருந்தாலும், இச்சலுகை இல்லை. நண்பர் குழுவில் நால்வருக்கு விசா வேண்டாம் என்பதால் ஐந்தாமவருக்கும் வேண்டாம் என்று எண்ணிவிடுவதுதான் அடிக்கடி நிகழ்கிறது. மின்விசாவை வியட்னாம் அரசின் இணையத்தளத்திலேயே பெற வேண்டும். அதைப் போலவே தோற்றமளித்துக் கூடுதல் கட்டணம் வாங்கும் தனியார் தளங்கள் பல உள்ளன. தமிழர்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இதில் உண்டு: குடும்பப் பெயர் இல்லாமல், தந்தை பெயரையோ முதலெழுத்தையோ சேர்த்து எழுதும் வழக்கத்தால், கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும் விமானச்சீட்டில் வேறு விதமாகவும் விசாவில் மூன்றாவது விதமாகவும் பெயர் அமைந்துவிடுகிறது. மூன்றையும் ஒரே மேசையில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் செலுத்துவது நல்லது.

தங்குமிடம் எந்த ஊரில்

முய் நே என்ற பெயரில் விற்கப்படும் விடுதிகளில் பெரும்பாலானவை உண்மையில் ஹாம் தியென் பகுதியில், நுயென் டின் சியெவ் சாலையை ஒட்டிப் பல கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியுள்ளன. பழைய மீனவர் ஊர் அதன் கிழக்கு முனைக்கு அப்பால் இருக்கிறது. ஃபான் தியெட் நகரமோ மேற்கே தள்ளி இருக்கிறது. மலிவாகக் கிடைத்ததே என்று நகரத்தின் உள்ளே அறை எடுத்தவர், மணற்குன்றுக்கும் கடற்கரைக்கும் ஒவ்வொரு முறையும் வாடகை வண்டிக்குச் செலவழித்து, மிச்சப்படுத்திய தொகைக்கு மேல் இழக்கிறார். பேருந்து நிறுத்தம், செம்மணற்குன்று, நீங்கள் தங்கும் இடம் ஆகிய மூன்றையும் வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் இது தெளிவாகிவிடும்.

கடிகாரமும் வெயிலும்

மிகுதியானவர்கள் செய்யும் தவறு இங்கேதான் இருக்கிறது. எனவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ காலை 7 மணிக்குத்தான் சூரியன் உதிக்கிறது. பகல் 1 மணியளவில்தான் உச்சிக்கு வருகிறது. நாம் புவியில் இருக்கும் இடத்துக்கு ஏற்ற நேரத்தைவிட நம் கடிகாரம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தி ஓடுவதே இதற்குக் காரணம். வியட்னாம் நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது. முய் நேயோ நமக்குக் கிழக்கே இருக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து, அங்கே சூரியன் ஜூன் மாதத்தில் காலை 5.20 அளவிலும் ஜனவரியில் 6.10 அளவிலும் உதித்துவிடுகிறது. பகல் 12 மணிக்குச் சற்று முன்பே உச்சியை எட்டிவிடுகிறது. அதாவது, முய் நேயில் காலை 10 மணிக்கு அடிக்கும் வெயில், சிங்கப்பூரில் 11.15 மணியைத் தாண்டிய வெயிலுக்கு நிகரானது. ‘காலை உணவை முடித்துவிட்டுப் பத்து மணிக்குக் குன்றேறலாம்’ என்று சிங்கப்பூர்ப் பழக்கத்தில் திட்டமிடுபவர், ஏறத்தாழ நடுப்பகல் வெயிலில், நிழலே இல்லாத மணலில் போய் நிற்கிறார்.

காய்ந்த மணல் மிக விரைவாகச் சூடேறும் தன்மையுடையது. தெளிந்த வானமுள்ள நாளில் நண்பகலில் அதன் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இயல்பு. விடியலில் குளிர்ந்திருக்கும் மணலில் வெறுங்காலோடு ஏறி, செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து இறங்கி வரும்போது உள்ளங்கால் கொப்புளித்துப் போகிறவர்கள் உண்டு. காலணியைக் கையிலாவது எடுத்துச் செல்ல வேண்டும். மேலிருந்து படும் புறஊதாக் கதிர்களோடு, அவற்றில் ஏறத்தாழ 15 விழுக்காட்டை உலர்மணல் திருப்பி அனுப்புவதால், தொப்பியின் நிழலில் இருக்கும் தாடையும் கழுத்தும்கூடக் கருகும். காற்று வீசிக்கொண்டே இருப்பதால் வியர்வை உடனே உலர்ந்துவிடுகிறது. சிங்கப்பூரின் புழுக்கத்தில் சட்டை நனைவதைக் கொண்டு தண்ணீர் குடிக்கப் பழகிய நமக்கு அந்த எச்சரிக்கை அங்கே கிடைப்பதில்லை. தாகம் எடுக்காவிட்டாலும் குறித்த இடைவெளியில் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது கையில் இருப்பது நல்லது.

வெண்மணற்குன்றுகள் விடுதிப் பகுதியிலிருந்து 30 கிலோமீட்டர் அளவுக்கு வடகிழக்கே, பாவ் டிராங் ஏரிகளை ஒட்டி உள்ளன. உதயத்தை அங்கே காண விரும்புவோர் அதிகாலை 4 மணிக்கும் 4.30க்கும் இடையே ஜீப்பில் ஏறிவிட வேண்டும். ஊருக்கு அருகிலுள்ள செம்மணற்குன்றை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். இரும்பு ஆக்சைடால் சிவந்திருக்கும் அம்மணல் சாய்ந்த வெயிலில்தான் தன் முழு நிறத்தைக் காட்டும். நான்கு இடங்களை நான்கு மணி நேரத்தில் சுற்றிக்காட்டும் ஜீப் பயணத்தில் இரண்டு குன்றுகளையும் ஒரே மூச்சில் பார்த்துவிட முனைவதைவிட, இரு வேறு நாள்களில் பிரித்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.

குன்றின் மேல்

மணற்குன்றுக்கு இரண்டு முகங்கள் உண்டு. காற்று வந்து மோதும் பக்கம் சரிவு குறைந்து, மணல் இறுகி, நடப்பதற்கு ஏற்றதாக இருக்கும். காற்று கடந்து விழும் பக்கம் ஏறத்தாழ 34 டிகிரிச் சரிவில், தொட்டால் வழியும் நிலையில் இருக்கும். இதை அறியாமல் கண்ணுக்கு நேராகத் தெரியும் வழுக்கு முகத்தில் ஏற முயல்பவர் மூன்றடி வைத்தால் இரண்டடி சறுக்கி, பாதியிலேயே களைத்துவிடுகிறார். முகட்டுக் கோட்டைப் பிடித்து நடந்தால் அதே உயரத்தைப் பாதி உழைப்பில் எட்டலாம். குழந்தைகளோடு செல்வோர், மணலில் ஆழமான குழி தோண்டி உள்ளே இறங்கும் விளையாட்டை எக்காரணத்தைக் கொண்டும் அனுமதிக்கக் கூடாது. பக்கச்சுவர் ஒரு நொடியில் சரிந்து மூடிவிடும்.

ஏடிவி எனப்படும் நாற்சக்கர மணல் வண்டியை வாடகைக்கு எடுப்போர், தொகையையும் நேரத்தையும் எத்தனை பேர் ஏறலாம் என்பதையும் ஏறுவதற்கு முன்பே பேசி, கைப்பேசியில் எண்ணாகத் தட்டிக் காட்டி உறுதி செய்துகொள்ள வேண்டும். முகட்டின் மறுபுறம் செங்குத்தான சரிவா, நடந்து வரும் ஆளா என்பது மேலே ஏறும்வரை தெரியாது; அவ்வண்டி கவிழ்வது பெரும்பாலும் அங்கேதான். கைப்பேசி, படக்கருவி ஆகியவற்றை இறுக மூடும் பைக்குள் வைப்பதும், படக்கருவியின் வில்லையைக் குன்றின் மேல் மாற்றாமல் இருப்பதும் சொல்லாமலே விளங்கும்.

மோட்டார்சைக்கிள்

இவ்வூரில் மிக அதிகமான துன்பத்தைத் தருவது மணலோ கடலோ அன்று, சாலைதான். கடையில் உரிமத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். அதனால் ஓட்ட அனுமதி கிடைத்துவிட்டதாகப் பொருள் இல்லை. சிங்கப்பூரில் கார் ஓட்டும் 3ஆம் வகுப்பு உரிமம் மோட்டார்சைக்கிளுக்குச் செல்லாது என்பதை நாம் அனைவரும் அறிவோம். விமானம் ஏறியதும் அதை மறந்துவிடுகிறோம். உரிய வகுப்பில் உரிமம் இன்றி ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், பயணக் காப்புறுதி பொதுவாக இழப்பீடு தராது. கடுமையான காயத்துக்கு ஹோ சி மின் நகர் வரை செல்ல வேண்டியிருக்கலாம் என்பதால், அச்செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும். சிறிய மோட்டார்சைக்கிளுக்கான 2பி உரிமம் உள்ளவர்களும், அது வியட்னாமில் எந்த ஆவணத்தோடு செல்லுபடியாகும் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே விசாரித்து, காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்து மூலமாகவும் கேட்டுக்கொள்ள வேண்டும். குன்றுகளுக்குச் செல்லும் சாலையில் காவலர்கள் வெளிநாட்டவரை நிறுத்திச் சோதிப்பது வழக்கமான காட்சி.

நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், அங்கே வலப்பக்கம். நேர்ச்சாலையில் இது தொல்லை தருவதில்லை. ஆளில்லாத சந்தியில் திரும்பும் கணத்தில்தான் கை பழைய பழக்கத்துக்குப் போகிறது. கடற்கரைச் சாலையில் காற்று மணலைப் படரவிட்டிருக்கும். அதன் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். சிங்கப்பூரில் 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம் வரை மதுவுக்கு வரம்பு உண்டு. வியட்னாமிலோ 2020 ஜனவரி 1 முதல் வாகனம் ஓட்டுபவரிடம் சிறிதும் மது இருக்கக் கூடாது. ஒரு குவளை பீரும் குற்றமே. அடமானமாகக் கடவுச்சீட்டைக் கேட்கும் கடையில் வண்டி எடுக்கவே வேண்டாம். ஓட்டுநருடன் ஜீப்பும் வாடகை வண்டியும் எளிதில் கிடைக்கும் ஊரில், நால்வர் பகிர்ந்துகொண்டால் செலவும் பெரிதாகக் கூடுவதில்லை.

கடல், குடிநீர், உணவு

அலைத்தடுப்புகளுக்குள் அமைதியாகக் கிடக்கும் நம் கிழக்குக் கடற்கரைப் பூங்காவின் நீரைக் கொண்டு முய் நேக் கடலை அளவிடக் கூடாது. அது திறந்த கடல். காற்றுக்காலத்தில் பிற்பகல் அலைகளை, பட்டம் இழுக்க நீரின் மேல் சறுக்கும் பட்டச்சறுக்கு வீரர்களுக்கு விட்டுவிட்டு, நீந்துவதைக் காலையில் வைத்துக்கொள்ள வேண்டும். இழுவை நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து விலகிய பிறகே திரும்ப வேண்டும்.

குழாய் நீரை நேரடியாகக் குடிக்கும் பழக்கத்தைச் சாங்கியிலேயே விட்டுவிட வேண்டும். வியட்னாமின் நாணயமான டாங்கில் 20,000, 500,000 தாள்கள் இரண்டும் நீல நிறச் சாயலில் இருப்பதால், இருட்டில் இருபத்தைந்து மடங்கு கொடுத்துவிட்டு வருவது எளிது. பெரிய தாள்களைத் தனிப் பையில் வையுங்கள்.

சைவ உணவு உண்போர் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். ஃபான் தியெட், வியட்னாமியச் சமையலில் சுவைக்காகச் சேர்க்கும் பெயர் பெற்ற மீன் சாறு தயாராகும் ஊர். ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் இறைச்சி இல்லாமல் வரும். மீன் சாறு இல்லாமல் வரும் என்பதற்கு உறுதி இல்லை. ‘சாய்’ என்று பலகையில் எழுதியிருக்கும் பௌத்த சைவக் கடைகளைத் தேடிச் செல்வதே பாதுகாப்பு. வியட்னாமியர் பலர் சந்திர மாதத்தின் 1ஆம், 15ஆம் நாள்களில் சைவ உணவு உண்பதால், அந்நாள்களில் இவ்வகை உணவு கூடுதலாகவே கிடைக்கும்.

குன்றுகளோடு திரும்பிவிடுதல்

ஃபான் தியெட்டுக்கும் முய் நேக்கும் இடையே, கடலைப் பார்த்த மேடொன்றில், போ சா இனு என்னும் செங்கல் கோபுரங்கள் நிற்கின்றன. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் இவை, இப்பகுதியை முன்பு ஆண்ட சாம் மக்களின் சம்பா அரசு எழுப்பிய சிவன் கோயில்கள். ஜீப் பயணத்தின் வழக்கமான நான்கு நிறுத்தங்களில் இவ்விடம் பெரும்பாலும் சேர்வதில்லை. ஆகவே, தமிழர்கள்கூட இதன் அருகிலேயே பேருந்தில் கடந்து போய்விடுகின்றனர். அதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. ஊருக்குள் வரும் நாளிலோ திரும்பும் நாளிலோ ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். சாம் மக்கள் இன்றும் வழிபடும் இடம் என்பதால், நீச்சலுடையின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு நுழையாமல், தோளும் முழங்காலும் மறையும் உடையோடு செல்ல வேண்டும். பெரும்பாலும் அக்டோபரை ஒட்டி வரும், சாம் மக்களின் கத்தே திருவிழாவின்போது அங்கே செல்ல வாய்ப்பவர்கள், வழிபாடு நடக்கும் கருவறை வாயிலை மறித்து நிற்காமல் ஓரமாக நின்று பார்க்கலாம். படம் எடுப்பதற்கு முன் அங்குள்ள பெரியவர்களிடம் அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும்.