சுப்ரபாதம் சொல்லப் பழக: முதலில் இரண்டே சுலோகம்

எம்.எஸ். குரலில் கேட்டுக் கேட்டு வேங்கடேச சுப்ரபாதம் நமக்கு மனப்பாடம் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்போம். பாட்டை நிறுத்திவிட்டுத் தனியாகச் சொல்லிப் பாருங்கள், முதல் சுலோகத்திலேயே 'தைவமாஹ்நிகம்' வரும்போது நாக்கு குழறும். எனக்குக் குழறியது. மெட்டுதான் பாடமாகியிருக்கிறது, சொல் ஆகவில்லை. அதனால் கொஞ்ச நாளைக்கு அந்தப் பாட்டோடு சேர்ந்து பாடாதீர்கள்.

பிரதிவாதி பயங்கரம் அண்ணன் இயற்றியது இது. இதில் நான்கு பகுதி: சுப்ரபாதம் 29, ஸ்தோத்திரம் 11, பிரபத்தி 16, மங்களாசாசனம் 14, ஆக 70 சுலோகம். மலைக்க வேண்டாம், இப்போதைக்கு இரண்டு போதும்.

முதலில் புத்தகம். எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று எண் போட்ட தமிழ்ப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். தமிழில் ஒரே 'ப'தான், சமஸ்கிருதத்தில் நான்கு. ஸுப்ரபா⁴தம் என்று 4 போட்டிருந்தால் மூச்சை அழுத்தி விட்டு 'bha' ஒலி வரவேண்டும், அதைச் சும்மா 'பா' என்று சொல்லிப் பழகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

அடுத்தது பொருள். 'கௌஸல்யா ஸுப்ரஜா ராம' உண்மையில் வால்மீகியின் சுலோகம், பாலகாண்டத்தில் விசுவாமித்திரர் ராமனை எழுப்புவது. கோசலையின் நல்ல பிள்ளையே, விடிகிறது, எழுந்திரு, காலைக் கடன்களைச் செய்யவேண்டும், அவ்வளவுதான். வீட்டில் பிள்ளையை எழுப்புகிற அதே பேச்சு! இது மனதில் பதிந்தால் சொற்கள் தானாக ஒட்டிக்கொள்ளும்.

இனி எண்ணிக்கை. கௌ-ஸ-ல்யா-ஸு-ப்ர-ஜா-ரா-ம, எட்டு எழுத்து. இது ஒரு பாதம், அதாவது சுலோகத்தில் கால்வாசி. இப்படி நான்கு பாதம். இரண்டு பாதத்துக்கு ஒரு மூச்சு, நடுவில் எங்கேயும் இழுக்கக் கூடாது. முட்டுகிற சொல்லைப் பிரித்துவிடுங்கள்: தைவம், ஆஹ்நிகம். இரண்டாவது சுலோகத்தில் 'உத்திஷ்டோத்திஷ்ட' என்பது உத்திஷ்ட, உத்திஷ்ட, அதாவது எழுந்திரு எழுந்திரு. தனித்தனியாகப் பத்துத் தடவை சொல்லிவிட்டு அப்புறம் சேருங்கள்.

இரண்டும் புத்தகம் பார்க்காமல் வந்துவிட்டதா, சரி, மூன்றையும் நான்கையும் தள்ளிவைத்துவிட்டு ஐந்தாவதுக்குப் போங்கள் (நாலாவதன் சந்தமே வேறு, அதோடு இப்போது மல்லுக்கட்ட வேண்டாம்). ஐந்திலிருந்து பல சுலோகங்கள் 'சேஷாத்ரி சேகர விபோ தவ ஸுப்ரபாதம்' என்றே முடியும், ஆகவே கடைசி வரியை முதலில் பாடம் செய்யுங்கள். ஒவ்வொரு சுலோகத்திலும் கால்வாசி இலவசம். பாதத்துக்குப் பதினான்கு எழுத்து என்பதால் ஒரு பாதத்துக்கு ஒரு மூச்சு விடலாம்.

வாரம் ஒரு சுலோகம், குளித்தவுடன், தாழ்ந்த குரலில். காலையில் தொண்டை திறந்திருக்காது, எம்.எஸ். சுருதியை எட்டிப்பிடிக்கப் போனால் இருமல்தான் வரும்.

நடுவில் மார்கழி வந்துவிட்டால் நிறுத்திவிட்டுத் திருப்பாவை சொல்லுங்கள். திருமலையிலும் அந்த மாதம் சுப்ரபாதத்துக்குப் பதில் அதுதான்.