பெயிட்காஸ்டிங் ரீல்ல லைன் சுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன் பிடிக்கற பெயிட்காஸ்டிங் ரீல்ல பேக்லாஷ் விழுந்தா, அதாவது வீசும்போது லைன் (தூண்டில் நரம்பு) போறதை விட அதைச் சுத்தி வச்சிருக்கற ஸ்பூல் வேகமா சுத்தி லைன் சிக்கிக்கிட்டா, உடனே எல்லாரும் ஸ்பூல் வேகத்தை அடக்கற பிரேக்கைத்தான் திருகுறாங்க, இல்லனா கட்டைவிரல் சரியா வைக்கலன்னு நினைச்சுக்கறாங்க, ஆனா நிறைய நேரம் தப்பு அந்த லைனை சுத்துன அன்னிக்கே நடந்திருக்கும். ஸ்பின்னிங் ரீல்ல வீசும்போது ஸ்பூல் சும்மா நிக்கும், லைன் மட்டும் வளையம் வளையமா கழண்டு போகும். பெயிட்காஸ்டர்ல ஸ்பூலே சேர்ந்து சுத்தணும். அதனால உள்ள லைன் லூசா, மேடு பள்ளமா கிடந்தா அது நேரா வீச்சுலயே தெரிஞ்சிரும்.

முதல்ல பாக்க வேண்டியது லைன் போற வழி. ராட்ல (தூண்டில் கம்புல) ரீலுக்குப் பக்கத்துல இருக்கற வளையம், அப்புறம் லெவல்வைண்ட் (லைனை ஸ்பூல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திப் பரப்பற பாகம்) ஓட்டை, அதுக்கப்புறம்தான் ஸ்பூல். அவசரத்துல லெவல்வைண்டை விட்டுட்டு முடிச்சு போட்டா லைன் ஒரே எடத்துல குமியும், திரும்ப அவுத்துத்தான் ஆகணும். ஆர்பர் முடிச்சு (லைனை ஸ்பூலோட கட்டற முடிச்சு) போட்டு மிச்சம் இருக்கற வாலை ஒட்ட வெட்டிருங்க, நீட்டிட்டு இருந்தா மேல வர்ற ஒவ்வொரு அடுக்கும் அந்த எடத்துல புடைக்கும். டிராக் (மீன் இழுக்கும்போது ஸ்பூல் எவ்ளோ சுலபமா லைனை விடணும்னு வைக்கற பிடிப்பு) லூசா இருந்தா ஹேண்டில் சுத்தும் ஸ்பூல் சுத்தாது, அதையும் முன்னாடியே இறுக்கி வச்சுக்கோங்க.

பிரெய்டை (பின்னின லைனை) வழுவழுன்னு இருக்கற ஸ்பூல்ல நேரா கட்டறது இன்னொரு தப்பு. அதுக்கு பிடிப்பே கிடையாது, மீன் இழுக்கும்போது மொத்த சுருளும் ஸ்பூல் மேலயே வழுக்கிட்டு சுத்தும், பாக்க டிராக் போன மாதிரியே இருக்கும், நீங்க எவ்ளோ இறுக்குனாலும் நிக்காது. அடியில கொஞ்சம் தங்கூஸ் (ஒத்தை இழை நைலான் லைன்) சுத்திட்டு அதுல பிரெய்டை இணைச்சா போதும். ஸ்பூல்ல ஓட்டை இருந்தா அது வழியா விட்டும் கட்டலாம்.

இனிமே சொல்றதுதான் எனக்கு எல்லாத்தையும் விட முக்கியமா படுது, இழுவிசை. கடைலருந்து லைன் வர்ற உருளையோட நடு ஓட்டைல ஒரு பென்சிலை விட்டு யாராவது ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கட்டும், லைன் உருளையோட மேல்பக்கத்துலருந்து வந்து ரீலோட மேல்பக்கத்துல ஏறணும், அப்பதான் ரெண்டும் ஒரே திசையில சுத்தும். தரையில படுக்க வச்சு இழுத்தா ஒவ்வொரு சுத்துக்கும் லைன்ல ஒரு முறுக்கு ஏறும். ரீலுக்கு முன்னாடி லைனை ஈரத்துணியால பிடிச்சுக்கோங்க, வெறும் விரல்ல பிடிச்சா பிரெய்டு தோலை அறுத்துரும். பிரெய்டுக்கு நல்ல இறுக்கம் வேணும். லூசா சுத்தியிருந்தா பெரிய மீன் இழுக்கறப்ப மேல இருக்கற லைன் கீழ் அடுக்குக்குள்ள புதைஞ்சிரும், அடுத்த வீச்சுல ஸ்பூல் பாதில டக்குனு நின்னு லூர் (செயற்கை இரை) மட்டும் அறுந்து பறக்கும். தங்கூஸுக்கு அவ்ளோ இறுக்கம் கூடாது, அது இழுபட்டு நீளும், அப்புறம் ஸ்பூல் மேலயே சுருங்கப் பாத்து அதை நெருக்கும். எந்த லைனா இருந்தாலும் ஆரம்பத்துல லூசா விட்டு கடைசில இறுக்கறதுதான் ரொம்ப மோசம், அடிப்பகுதி மெத்துமெத்துன்னு இருந்தா மேல எவ்ளோ அழகா சுத்தியும் பிரயோஜனம் இல்ல. அப்பப்ப நிறுத்தி கட்டைவிரலால அழுத்திப் பாருங்க, அமுங்குச்சுன்னா அந்த எடம் வரைக்கும் அவுத்துட்டு திரும்ப சுத்துங்க, சோம்பல் படாதீங்க.

நிறைய பேர் லைனை விரலால அங்கயும் இங்கயும் தள்ளி விடுவாங்க, நூல்கண்டு மாதிரி பக்கத்துல பக்கத்துல ஒட்டி வரணும்னு. தேவையே இல்ல, லெவல்வைண்ட் கொஞ்சம் சாய்வா குறுக்க போட்டுத்தான் சுத்தும், அந்தக் குறுக்குதான் லைன் புதையாம தடுக்குது. லெவல்வைண்ட் இல்லாத ரீல்னா மட்டும் நீங்களே கட்டைவிரலால சீரா ஓட்டிட்டு போகணும்.

நிறைய இருந்தா நல்லதுன்னு விளிம்பு வரைக்கும் நிரப்பாதீங்க, சுமார் 3 மில்லிமீட்டர் விட்டுருங்க. நிரம்பி வழிஞ்சா மேல் சுத்துகள் எகிறி சிக்கும். ரொம்ப குறைச்சலா இருந்தாலும் தொல்லைதான், அதே தூரம் லைன் விட ஸ்பூல் இன்னும் வேகமா சுத்தணும், இழுக்கும்போதும் ஒரு சுத்துக்கு வர்ற லைன் குறையும். ரொம்ப மெல்லிசான லைனும் வேண்டாம், ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் நடுவுல இருக்கற இடுக்குல நுழைஞ்சிரும்.

இவ்வளவும் பண்ணியும் ஒரு பக்கமே மேடாகுதுன்னா ஹேண்டிலை மெதுவா சுத்தி லெவல்வைண்ட் இந்தக் கடைசிலருந்து அந்தக் கடைசி வரைக்கும் போகுதான்னு பாருங்க. நடுவுல தயங்குச்சுன்னா அடியில இருக்கற திருகுத் தண்டுல மணலோ உப்போ இருக்கும், துடைச்சிட்டு ஒரு சொட்டு ரீல் ஆயில் விடுங்க. அப்பவும் நிக்குதுன்னா அந்தத் தண்டோட பள்ளத்துல ஓடற சின்னப் பல் தேஞ்சிருக்கும், அதை மட்டும் மாத்தினா போதும்.