ஓட்டர் ஐடி இருந்தும் ஓட்டு போட முடியாமல் திரும்புவது ஏன்? வாக்காளர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குச்சாவடி வாசலில் தவறாமல் கேட்கிற சண்டை ஒன்று உண்டு. "ஓட்டர் ஐடி கையில இருக்கு, போன எலெக்‌ஷன்ல இதே ஸ்கூல்லதான் போட்டேன், இப்ப மட்டும் ஏன் விடமாட்டேங்குறீங்க?" உள்ளே இருக்கும் அலுவலரால் எதுவும் செய்ய முடியாது. அந்த அட்டை நீங்கள் யார் என்று காட்ட மட்டும்தான். ஓட்டுரிமை இருப்பது அந்தச் சாவடியின் வாக்காளர் பட்டியலில். பட்டியலில் பெயர் இல்லையென்றால் அட்டை, ஆதார், பாஸ்போர்ட் என எதைக் காட்டினாலும் பயனில்லை.

2025 கடைசியில் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு (எஸ்.ஐ.ஆர்.) பிறகு இது இன்னும் முக்கியமாகிவிட்டது. டிசம்பர் 19 அன்று வெளியான தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் விடுபட்டிருந்தன. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பதிந்தவர்கள் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஆனால் பெயர் போனாலும் பழைய அட்டை பீரோவில் அப்படியேதான் இருக்கும். அதை நம்பிக் கிளம்புவதுதான் முதல் தவறு. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம், 1950-க்கு போன் போட்டுக் கேட்கலாம், இல்லையென்றால் உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமே கேட்டுவிடலாம். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் முடிந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் யாரும் கை வைக்க முடியாது, கலெக்டராலும் முடியாது. விண்ணப்பம் கொடுத்தாலும் ஆட்சேபத்துக்கு நாள் விட்டு, விசாரித்துத்தான் சேர்ப்பார்கள் என்பதால், அந்த நாளுக்குக் குறைந்தது பத்து நாளாவது முன்னால் கொடுத்திருக்க வேண்டும்.

கொடுத்தாயிற்று என்று உட்கார்ந்துவிடுவதும் தவறுதான். ஆன்லைனில் போட்டதும் வருகிற குறிப்பு எண் வெறும் ரசீது மாதிரி. கள விசாரணைக்கு வருகிறவர் வீடு பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டுப் போனால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். அப்படி ஆனால் 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரான கலெக்டரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கேயும் நடக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம்.

அடுத்தது வீடு மாறியவர்கள் செய்வது. புது ஊரில் புதிதாகப் படிவம் 6 கொடுத்துவிட்டுப் பழைய ஊர்ப் பெயரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். படிவம் 6 முதன்முதலில் பதிகிறவர்களுக்கானது. ஏற்கெனவே பெயர் இருந்து முகவரி மாறினால், அது ஒரே தொகுதிக்குள் என்றாலும் வேறு தொகுதிக்கு என்றாலும், படிவம் 8 போதும். பெயர், வயது, போட்டோ திருத்தமும், தொலைந்த அட்டைக்கு மாற்று கேட்பதும் அதிலேயே முடிந்துவிடும். முன்பு இருந்த படிவம் 8ஏ 2022-லேயே போய்விட்டது. ஒருவர் பெயர் இரண்டு தொகுதிகளில் இருக்கக் கூடாது, ஒரே தொகுதியில் இரண்டு தடவையும் இருக்கக் கூடாது என்று 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறையும் உண்டு. யாரையும் பிடித்துப் போட்ட மாதிரி தெரியவில்லையே என்பீர்கள், சரி, ஆனால் இரட்டைப் பதிவைத் தேடிப் பார்க்கும்போது எந்த ஊர்ப் பெயரை நீக்குவார்கள் என்பது உங்கள் கையில் இருக்காது.

"சொந்த ஊர்ல வீடு இருக்கு, அங்கேயே இருந்துட்டுப் போகட்டும்" என்பவர்களுக்கும் அதே சட்டத்தில் பதில் இருக்கிறது. வீடு சொந்தமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவரை அந்தத் தொகுதியில் வசிப்பவராகக் கொள்ள முடியாது. சென்னையில் பத்து வருடமாகக் குடும்பத்தோடு இருக்கிறவருக்கு ஓட்டு சென்னையில்தான். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்கு மட்டும் சலுகை உண்டு, பெற்றோர் வீட்டு முகவரி, விடுதி முகவரி, இரண்டில் ஒன்றில் பதியலாம். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரர் சம்மதம் வேண்டுமோ என்று தயங்குகிறார்கள். வேண்டியதில்லை.

அப்புறம் வாட்ஸ்ஆப். தேர்தல் நெருங்கினால் ஒரு செய்தி வரும், பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஆதாரைக் காட்டி '49ஏ' பிரிவில் 'சேலஞ்ச் ஓட்டு' கேளுங்கள், ஒரு சாவடியில் 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுவாக்குப்பதிவு நடக்கும் என்று. எல்லாமே தப்பு. தேர்தல் நடத்தும் விதிகளில் 49ஏ என்பது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் அமைப்பைப் பற்றியது. சேலஞ்ச் என்பது "இவர் அந்த ஆள் இல்லை" என்று பூத் ஏஜென்ட் ஆட்சேபிப்பது, அதற்கு அவர் இரண்டு ரூபாய் கட்ட வேண்டும், வாக்காளர் கேட்டு வாங்குகிற விஷயமே இல்லை. அந்த 14 சதவீதக் கணக்கு எந்த விதியிலும் கிடையாது.

உண்மையில் இருப்பது அதே விதிகளில் வரும் 49பி, ஆங்கிலத்தில் 49P (B இல்லை). பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது, ஆனால் நீங்கள் போவதற்குள் வேறு யாரோ போட்டுவிட்டார்கள் என்றால் தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வராதீர்கள். வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் டெண்டர் ஓட்டு கேளுங்கள். அடையாளம் சரியென்று பட்டால் காகித வாக்குச்சீட்டு தருவார், நீங்கள் குத்தியதைத் தனி உறையில் வைப்பார்கள். இயந்திரத்தில் போட விடமாட்டார்கள். வழக்கமான எண்ணிக்கையிலும் அது சேராது, ஆனால் முடிவு நீதிமன்றத்துக்குப் போனால் பேசப்படும். ராஜஸ்தானின் நாத்துவாராவில் 2008 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸின் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றபோது டெண்டர் ஓட்டுகளைப் பற்றிய வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

அடையாளத்துக்கு ரேஷன் கார்டைக் கொண்டுபோகிறவர்கள் நம் ஊரில் அதிகம். ஓட்டர் ஐடிக்கு மாற்றாக ஏற்கும் ஆவணங்களின் பட்டியலில் அது இல்லை. ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டிய வங்கி அல்லது தபால் நிலைய பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை ஆகியவை செல்லும். பூத் சிலிப் மட்டும் போதும் என்ற காலமும் 2019-லேயே முடிந்துவிட்டது. வேறு தொகுதியில் வாங்கிய பழைய ஓட்டர் ஐடி செல்லுமா என்று கேட்பவர்களுக்கு: பெயர் இந்தச் சாவடிப் பட்டியலில் இருந்தால் செல்லும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் படிவம் 6ஏ கொடுத்துப் பதிந்தாலும் நேரில் வந்து, அசல் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் ஓட்டு போட வேண்டும். வீட்டில் இருந்தபடி ஓட்டு போட விரும்பும் 85 வயதைத் தாண்டியவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களும் படிவம் 12டி-யை அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாத்தாவுக்காக வாங்கி வைத்துவிட்டு மறந்துபோகும் வீடுகளும் உண்டு. ஒப்புதல் ஆனபின் மனம் மாறிச் சாவடிக்கு வந்தால் அங்கே போட முடியாது.

இயந்திரத்தின் முன்னால் நடப்பது சின்ன விஷயம்தான். பொத்தானை அழுத்தியதும் பக்கத்துக் கண்ணாடி வழியாக ஏழு விநாடி சீட்டு தெரியும், அதைப் பார்த்து, பீப் சத்தம் கேட்ட பிறகு நகருங்கள். வேறு சின்னம் அச்சானது என்று புகார் சொல்லலாம், ஆனால் எழுதிக் கொடுத்து, சோதனை ஓட்டு போட்டுப் பார்த்து, புகார் பொய் என்று தெரிந்தால் வழக்கு வரும். செல்பி ஆசையில் போனை உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

கடைசியாக, மாலை ஆறு மணி ஆகப்போகிறது, வரிசை நீளமாக இருக்கிறது, எப்படியும் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று கிளம்பிவிடுகிறவர்கள். முடியும் நேரத்தில் வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் டோக்கன் கொடுக்க வேண்டும் என்பது விதி, எட்டு மணி ஆனாலும் அவர்கள் போட்டுவிட்டுத்தான் போவார்கள். டோக்கனை வரிசையின் கடைசி ஆளிடமிருந்து தொடங்கி முன்னோக்கிக் கொடுத்துக்கொண்டு வருவார்கள், பின்னால் புதிதாக யாரும் சேராமல் இருக்க.